கிழிந்த ஸ்பீக்கர் சொன்ன பதில்

அக்கா, இது நிஜமாகவே நடந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. அம்மாவிடம் சொல்லாதே. உன் வீட்டுக்காரரிடம், அதான் மச்சானிடம், காட்டவே காட்டாதே.

எங்கள் ஸ்பீக்கர் ரிப்பேர் பட்டறையில் ஒரு வழக்கம். நான் கம்பியை மாட்டுவேன். சுவிட்ச் மச்சான் கையில். "கை எடுத்தாச்சா?" என்று கேட்பார். "எடுத்தாச்சு" என்று நான் சொன்ன பிறகுதான் போடுவார். அந்த ஒரு வார்த்தையில்தான் என் உயிர் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை முதலாளி பரணிலிருந்து ஒரு பெரிய ஸ்பீக்கரை இறக்கினார். பெட்டி இல்லை. காகிதக் கோனில் நான்கு கிழிசல். விரலால் பிறாண்டியது போல...

"ஒட்டினா தேறுமா, புதுசு வாங்கணுமா? பார்த்துச் சொல்லுப்பா."

மச்சான் முகம் செத்துப்போனது. "தூக்கிப் போடுடா அந்தச் சனியனை!"

ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தூக்கிப் போடாத மனுஷன்.

மதியம் 2.10. மச்சான் சாப்பிடப் போயிருந்தார். மீட்டர் வைத்தேன். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் நன்றாக இருந்தது. ஒட்டினால் போதும். உள்ளே உரசுகிறதா என்று கோனை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அழுத்தினேன்.

உரசவில்லை.

அது என் விரலைத் திருப்பித் தள்ளியது.

அதில் ஒரு கம்பிகூட மாட்டவில்லை, அக்கா.

2.14. டப்... டப்...

மச்சான்தான் எங்கிருந்தோ வம்பு செய்கிறார் என்று நினைத்தேன். அவரைப் போலவே கத்தினேன். "கை எடுத்தாச்சா?"

கிழிந்த கோனிலிருந்து கரகரவென்று ஒரு குரல்...

"இன்னும்... எடுக்கல..."

சாயங்காலம் முதலாளியிடம் சொன்னேன். "உனக்கு முன்னாடி இருந்த மெக்கானிக், ஷாக் அடிச்சு அது மேலதான் விழுந்து செத்தான். சுவிட்ச் போட்டது உன் மச்சான்தான், சொல்லலையா?"

எட்டு மாதமாக ஒரே அறையில் படுக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அறைக்குப் போய்க் கேட்டேன். "கேக்காமயே போட்டீங்களா, மச்சான்?"

"கேட்டேன்டா! உங்கக்கா மேல சத்தியம். 'எடுத்தாச்சு'ன்னு அவன் சொன்னது இந்தக் காதுல விழுந்துச்சு."

உன் மேல் சத்தியம் செய்தாரே... நம்பினேன்.

மறுநாள் காலை 9 மணிக்கு மச்சான் சொன்னதை முதலாளியிடம் சொன்னேன்.

"எப்படிப்பா சொல்லியிருப்பான்? மேஜையைத் தட்டித்தான் காட்டுவான். பிறவியிலேயே அவனுக்குப் பேச்சு வராதே."