போறணைச் சூடு

எண்பத்தைந்தில் கொக்குவிலில் பேக்கரி வைத்திருந்தேன். போறணை அடுப்பில் பாண் சுட்ட கந்தையா அண்ணையின் கால்களில் வலை விரித்தாற்போல் கருஞ்சிவப்புத் தழும்புகள் இருந்தன.

"உவருக்குக் குட்டநோயெல்லே? உவர் சுட்ட பாணையோ நாங்கள் தின்னிறம்?" என்று சனம் கேட்கத் தொடங்கியது. அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன்.

"தம்பி, இது குட்டமில்லை. போறணைச் சூடு," என்றார். நான் நம்பவில்லை.

பிறகு போறணைக்கு முன்னால் நானே நின்றேன். அடுத்த வருடம் என் கால்களிலும் அதே வலை. மன்னிப்புக் கேட்கக் கொடிகாமத்தில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"குட்டமெண்டு ஊரெல்லாம் கதை. ஒருத்தரும் இவருக்கு வேலை குடுக்கினமில்லை," என்று அவர் மனைவி வாசல் படலையிலேயே சொன்னார். அயலவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர்களுக்கு என் காலைக் காட்டியிருந்தால் போதும், அவர் பெயர் தப்பியிருக்கும். நம்பாமல் எனக்கும் குட்டமென்றால் என் பாணை யார் வாங்குவார்கள்? சாரத்தைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டு, "சும்மா பாத்திட்டுப் போக வந்தனான்," என்றேன்.