முருகன் பின் சீட்டுக்கு வந்த கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். சாமி விஷயம். நான் அதிகம் படித்தவனும் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, பிறகு தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை, இப்போது ஓய்வு. எங்காவது ஒரு வரி பிசகினால், ‘சாமியையே இடத்தை விட்டுக் கிளப்பிய ஆள்’ என்று பேர் வந்துவிடுமே என்ற பயம். கடைசியில் மனைவியிடமே கேட்டேன்.

“எழுதுங்க. ஆனா நான் கார்ல வாந்தி எடுத்ததை மட்டும் எழுதாதீங்க” என்றாள்.

அதை விட்டுவிட்டால் கதை நகராது. அவளிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பழைய காரில், மனைவி உட்காரும் சீட்டுக்கு நேர் எதிரே, டேஷ்போர்டின் மேல் ஒரு முருகன் இருந்தார். ஒரு சாண் உயரம், கெட்டிப் பித்தளை, கையில் வேல். பத்துமலையில் வாங்கியது. காரில் ஏறியதும் அவள் முதலில் பேசுவது அவரோடுதான். “முருகா, இன்னைக்கு இவருக்குக் கொஞ்சம் நிதானத்தைக் குடு” என்பாள், என் காதில் விழுகிற மாதிரி. ரவுண்டபவுட் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து சாலாக் செலாத்தானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவோம். போய்ச் சேரும்வரை முருகனுக்கு ஓய்வே கிடையாது.

பழைய கார் ஓய்ந்துபோன பிறகு, யாரோ கொஞ்ச காலம் ஓட்டி விற்ற கார் ஒன்றை வாங்கினோம். கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, குருக்கள் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்ததும், அவளே முருகனைக் கையில் ஏந்தி வந்தாள். டேஷ்போர்டில் அவள் பக்கத்தில் ஒரு மூடி மாதிரி சமமான இடம். ஓரத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து புடைத்துக்கொண்டிருந்தது. சாமிக்கென்றே செய்து வைத்தது போல அவ்வளவு தோதான இடம். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைப் போட்டு நானேதான் அழுத்தி வைத்தேன். புயலே அடித்தாலும் அசையாது என்று பெருமையும் பேசினேன்.

சில மாதம் கழித்து எஞ்சின் ஆயில் மாற்ற ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பக்கத்தில் ஒரு கார், முன்பக்கம் அமுங்கி நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். இடது பக்க டேஷ்போர்டில், ஓரத்தில் ஆங்கில எழுத்து புடைத்த ஒரு மூடி பிளந்து நின்றது. அதிலிருந்து வெள்ளைத் துணிப்பை ஒன்று காற்றுப்போன பலூன் போலத் தொங்கியது.

“ஏர்பேக் வெடிச்சது, அங்கிள்” என்றார் ஒர்க்‌ஷாப்காரர். “அந்த டிஷ்யூ டப்பா எங்க கெடக்கு பாத்தீங்களா?”

நம் ஊரில் எல்லாக் காரிலும் முன்னால் ஒரு டிஷ்யூ டப்பா இருக்கும். அந்தக் காரில் இருந்தது மரத்தில் செய்த டப்பா. அது பின் கண்ணாடியின் கீழே கிடந்தது. அது போய் இடித்த இடத்தில் கண்ணாடி நட்சத்திரம் போல விரிந்திருந்தது.

“மூடி மேலதான் வச்சிருந்தாரு. நல்ல வேளை, பக்கத்து சீட்டுல ஆள் இல்ல” என்றார்.

நான் மெதுவாகத் திரும்பி என் காரைப் பார்த்தேன். அதே மூடி. அதே புடைத்த எழுத்து. அதன் மேல் கையில் வேலோடு முருகன். வேலின் நுனி என் மனைவி உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து என்னால் அவளை ஏற்றிக்கொண்டு கார் ஓட்ட முடியவில்லை. ஓட்டினேன்தான், ஆனால் அதை ஓட்டுவது என்று சொல்ல முடியாது. அவள் முகத்தைப் பார்ப்பேன், வேலைப் பார்ப்பேன், பிரேக்கில் காலை வைத்தபடியே போவேன்.

“என்னாங்க, மாட்டு வண்டியா ஓட்டுறீங்க? பின்னாடி ஹார்ன் அடிச்சே செத்துருவானுங்க போல” என்றாள்.

ஓரமாக நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். டிஷ்யூ டப்பா, கண்ணாடி, எல்லாம். அவள் சிரித்தாள்.

“முருகன் என்னை அடிப்பாரா?”

“முருகன் அடிக்க மாட்டாரு. பித்தளை அடிக்கும்.”

“அப்ப இத்தனை வருஷமா நான் பித்தளையைத்தான் கும்பிட்டேனா?”

காரைக் கிளப்பினேன்.

அவள் பிடிவாதக்காரி இல்லை. ஆனால் பூசை போட்டு உட்கார வைத்த சாமியைக் கிளப்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவள் மனதில் ஊறிப்போனது. என் மனதிலும்தான். கெஞ்சிப் பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ஒரு வழி சொன்னாள். “அவர் முன்னாடி இருக்கட்டும். நான் பின்னாடி உக்காந்துக்கறேன்.”

அப்படியே கிளம்பினோம். முன் சீட்டில் ஆளில்லை, எதிரே முருகன் மட்டும். பின்னால் பட்டுப்புடவையில் அவள். வாசலில் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான், “என்ன அங்கிள், டாக்சி ஓட்ட ஆரம்பிச்சிட்டீங்களா?”

“ஆமாப்பா, ஆனா இவரு மீட்டர் போட மாட்டாரு லா” என்றாள் அவள், கண்ணாடியை இறக்கி.

அந்தச் சிரிப்பு ஹைவே வரைதான் இருந்தது. சிறு வயதிலிருந்தே பின் சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும். முன்னால் உட்கார்ந்தே பழகிவிட்டதால் இரண்டு பேருக்கும் அது மறந்துபோயிருந்தது. மகளுக்காகச் செய்த முறுக்கு இருந்த பையை அவள் அவசரமாகக் காலி செய்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மேலே எழுத வேண்டாம். மகள் வீட்டில் முறுக்கு யாருக்கும் கிடைக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மறுபடி முன் சீட்டுக்கு வந்துவிட்டாள். மறுபடி அந்த வேல், அந்த முகம். இதில் இன்னொன்று. சீட் பெல்ட் போட்டால் புடவை கசங்குகிறதென்று, தோள்பட்டைக்கு வர வேண்டிய வாரை அக்குளுக்குக் கீழே விட்டுக்கொள்வாள். கொக்கியில் மாட்டிவிட்டால் சத்தம் நின்றுவிடும், அதுதான் அவளுக்குக் கணக்கு. சொன்னால், “போட்டுத்தானே இருக்கேன்” என்பாள். நான் ஒவ்வொரு பயணத்திலும் அவள் முகத்துக்காக வேண்டிக்கொண்டே ஓட்டினேன். வேண்டிக்கொண்டதும் அதே முருகனிடம்தான்.

அந்த வருடம் எங்கள் கோயில் திருவிழாவில் சாமி ரதத்தில் ஊர்வலம் போனார். ரதம் கிளம்புவதற்கு வெகு நேரம் முன்பே போய் முன் வரிசையில் நிற்பது அவள் வழக்கம். அன்று சாயங்காலம் அலங்காரத்துக்கு முன்னாலேயே போய்விட்டோம். உற்சவரை ரதத்தில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். பட்டும் மாலையும் இன்னும் சாத்தவில்லை. நான்கு இளைஞர்கள் மேலே ஏறி, பீடத்தோடு சேர்த்துச் சாமியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். குருக்கள் கீழே நின்று சத்தம் போட்டார்.

“இன்னும் இறுக்குப்பா! இடுப்புல ஒரு சுத்து, தோளுக்குக் குறுக்கே ஒரு சுத்து. ரோட்டுல மேடு பள்ளம் இருக்கு. சாமி ஆடவே கூடாது.”

அவர்கள் காலை ஊன்றி முடிச்சை இழுத்தார்கள். குருக்களே ஏறிப் போய்ச் சாமியை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகுதான் பட்டு, மாலை, கிரீடம் எல்லாம் வந்து கயிற்றை மறைத்தன. எத்தனையோ வருடமாக ரதத்தின் பின்னால் நடந்திருக்கிறோம். கயிற்றைப் பற்றி நாங்கள் நினைத்ததே இல்லை.

மறுநாள் காலை தேத்தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டு அவள் சொன்னாள், “நம்ம சாமியைக் கட்டாம வச்சிருக்கோங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எதுல கட்டுறது? அந்த மூடியில கட்டினா மூடியோட சேர்ந்து வருவாரு!”

“நான் அங்க கட்டச் சொன்னேனா? கட்ட முடியுற எடம் எதுன்னு யோசிங்க.”

யோசித்தது அவள்தான். அடுத்த ஞாயிறு மகள் வீட்டில், துணி துவைக்கும் மிஷினுக்குப் பின்னால் ஒரு குழந்தை சீட் தூசி பிடித்துக் கிடந்தது. பேத்தி வளர்ந்துவிட்டாள், அதில் இனி உட்கார முடியாது. இரண்டு தோளுக்கும் இடுப்புக்கும் வார், நடுவில் ஒரு கொக்கி. அவள் அதை இழுத்து வெளியே போட்டுக் கழுவ ஆரம்பித்தாள்.

“அம்மா, அதுல யாரை உக்கார வைக்கப் போற?” என்று மகள் கேட்டாள்.

“முருகனைத்தான். எனக்கு எப்பவும் அவரு குழந்தைதான்.”

இப்போது சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. இத்தனை நாள் சாமியை நகர்த்தச் சொன்னவன் நான்தான். ஆனாலும் சொன்னேன், “பின் சீட்டுல சாமி இருந்தா, நான் சாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டில்ல ஓட்டணும்?”

“ரதத்தை இழுத்துக்கிட்டுப் போற மாடு திரும்பித் திரும்பிச் சாமியையா பாத்துக்கிட்டுப் போவுது?”

“அப்ப நான் மாடா?”

“ரதத்து டிரைவருன்னு வச்சிக்குங்களேன்!”

மகள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி, அவள் அனுமதி கேட்டாள். “முருகா, உன்னைத் தூரமா அனுப்பலை. பத்திரமா உக்கார வைக்கப் போறோம், அவ்வளவுதான்.” பிறகு டேப்பைப் பிரிக்கும் வேலை. நான் பெருமை பேசிய டேப் என் முதுகை உடைத்தது. தலைமுடி உலர்த்தும் மிஷினால் சூடு காட்டி, மீன் பிடிக்கும் நரம்பை அடியில் விட்டு, இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து இழுத்து அறுத்தோம். முருகன் விடுபட்டு அவள் மடிக்கு வந்தபோது அவள் கண் கலங்கியது. என் கண்ணும்தான்.

குழந்தை சீட்டைப் பின் சீட்டில் பெல்ட் போட்டு இறுக்கினேன். அவள் ஒரு தலையணையை மடித்து வைத்து, மஞ்சள் துணியால் முருகனைச் சுற்றி, தோளுக்கு மேல் வாரைக் கொண்டுவந்து கொக்கியை மாட்டினாள். போதாதென்று இடுப்பில் கயிற்றாலும் ஒரு சுற்று சுற்றினாள். குருக்களைப் போலவே அசைத்துப் பார்த்தாள். பிறகு முன் சீட்டில் வந்து உட்கார்ந்து, தன் வாரைத் தோளுக்கு மேலேயே போட்டாள்.

“சாமியே போட்டுக்கிட்டு வர்றாரு. என் புடவை கசங்குனா என்ன” என்றாள் தானாகவே. காலியான மூடியைப் பார்த்து, “இங்க ஒரு குங்குமப் பொட்டு வச்சா, அதுவும் பறந்து வந்து அடிக்குமா?” என்று கேட்டாள். அடிக்காது என்றேன். வைத்தாள்.

அந்த ஞாயிறே ஒரு ரோட் பிளாக். போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். பின்னால் குழந்தை சீட்டில் மஞ்சள் துணி தெரிந்தது. “சுச்சு?” என்றார் மலாயில். பேரப்பிள்ளையா என்று கேட்கிறார்.

“துஹான், என்சிக்” என்றாள் மனைவி. கடவுள், ஐயா.

அவர் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். முருகனின் தோளில் இருந்த வார் கண்ணில் பட்டது. “பாகுஸ், பாகுஸ். பாக்காய் பெல்ட்” என்று சிரித்துக்கொண்டே போகச் சொன்னார். பெல்ட் போட்டிருப்பதற்காக முருகனுக்குக் கிடைத்த பாராட்டை அவள் மகள் வீடு போகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள். பிரிக்ஃபீல்ட்ஸில் மாலையும் பலகாரமும் வாங்கிக்கொண்டு போகலாமென்று ஹைவேயை விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்து லேனிலிருந்து ஒரு கார் சட்டென்று உள்ளே நுழைந்தது. பிரேக் பிடித்தேன், பத்தவில்லை. அதன் பின் மூலையில் போய் மோதினேன். பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். கார் முழுக்க வெள்ளைத் தூள், கருகின வாடை. எதிரே ஒன்றும் தெரியவில்லை. காதில் ரீங்காரம்.

“ஒண்ணும் ஆகலியே?” என்று அவள் குரல் கேட்டது.

“இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல” என்றேன்.

தூள் அடங்கியதும் பார்த்தால், அவள் பின்னால் திரும்பி முருகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி வளைந்திருந்தது. ஒரு கன்னம் சிவந்திருந்தது. தலையெல்லாம் வெள்ளைத் தூள், மாவு சலித்துவிட்டு எழுந்தவள் மாதிரி. அவ்வளவுதான். அவளுக்கு முன்னால் அந்த மூடி பிளந்து நிமிர்ந்து நின்றது. அதையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இடித்த காரிலிருந்து இறங்கி வந்தவர், “ஆன்டி, ஓக்கேவா?” என்று பதறிக் கேட்டபோதும் கையை விடவில்லை.

மறு வாரம் கோயிலில் நான்கு பேரிடம் சொன்னேன். அதற்கு அடுத்த வாரம் அது எங்களிடமே வேறு ஆளாகத் திரும்பி வந்தது. முருகன் நள்ளிரவில் தானே எழுந்து பின் சீட்டுக்குப் போனாராம். இன்னொருவர் சொன்னதில், கனவில் வந்து உத்தரவு கொடுத்தாராம். மூன்றாமவர் கதையில் என் மனைவி பெல்ட்டே போடவில்லையாம், சாமியே கை நீட்டித் தாங்கினாராம். கேட்ட ஒரு அம்மா, “அப்ப பெல்ட்டு எதுக்கு?” என்று சொல்லிவிட்டுப் போனார். எழுத வேண்டும் என்ற எண்ணம் முதலில் வந்ததே அதைக் கேட்ட பிறகுதான்.

முருகன்தான் எங்களைக் காப்பாற்றினார். அதில் எனக்கோ அவளுக்கோ துளிச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் தானாக எழுந்து நடக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மீன் நரம்பைப் போட்டு அறுத்துத்தான் எடுத்தோம். பெல்ட் பிடித்த இடத்தில் அவள் தோளிலிருந்து நெஞ்சுவரை கோடு போட்ட மாதிரி கன்றிப்போய், பல நாள் எண்ணெய் தடவினோம். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் உறவுக்காரர்களுக்கும் கோயில் நண்பர்களுக்கும் அனுப்புங்கள், வாயால் சொன்னாலும் சரி. ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். கனவைச் சேர்க்க வேண்டாம். பெல்ட்டை விட்டுவிட வேண்டாம். அவள் தோள் கன்றியதையும் மறைக்க வேண்டாம். அதைச் சொல்ல அவளே அனுமதி கொடுத்திருக்கிறாள்.