சரிவோடு இறங்கிய உழவு

தென்னேரிப் பக்கம் எங்களுக்கு இருப்பது மேட்டு நிலம், நீளவாக்கில் சரிந்து இறங்கும். சரிவின் அடியில் இருக்கும் துண்டு நிலத்துக்குச் சொந்தக்காரர் என் அம்மா வயதுப் பெண். ஒரு காலத்தில் எங்களிடம் கூலிக்குக் களை எடுத்தவர், பாடுபட்டு அதை வாங்கினார்.

நான் காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை விற்பனையாளன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் விவசாயி. புரட்டாசியில் வேர்க்கடலை போட டிராக்டர் பிடித்து, மேலிருந்து கீழாக ஓட்டச் சொன்னேன். அப்படி ஓட்டினால் திருப்பம் குறைவு. அதைவிட, எங்கள் தெருவில் இழைகளை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு போடுவார்களே, அதைப்போல உழவும் நேர்கோடாக இறங்க வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு.

அவர் வரப்பில் நின்று கத்தினார். "தம்பி, குறுக்கால ஓட்டச் சொல்லுங்க! மழை வந்தா மண்ணு மொத்தமும் அடிச்சிக்கினு கீழ வந்துடும். நாத்து வுட்டிருக்கறேன்."

"நீ உன் வேலையப் பாரு," என்றேன். டிராக்டர்காரர் சிரித்தார். நானும்தான். உழுத நிலத்தைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். கடையில் எல்லோரும் ஆஹா என்றார்கள்.

விதைப்பதற்குள், நாலாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. நான் ஆசைப்பட்ட ஒவ்வொரு கோடும் ஒரு வாய்க்காலாகி ஓடியிருந்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மேட்டில் சரளைக்கல்தான் மிச்சம். மழைக்கு நான் என்ன செய்ய முடியும் என்று வாதாடத் தயாராகவே கீழே இறங்கினேன்.

நாற்றங்காலில் ஒரு பச்சை நுனிகூடத் தெரியவில்லை. எங்கள் செம்மண் மூடிக் கிடந்தது. அவர் கூடையில் வாரிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, வரப்போரம் குவித்திருந்ததைக் காட்டினார்.

"எரு போட்ட மேல்மண்ணு தம்பி. வீணாப் போவக் கூடாதுன்னு தனியா கொட்டி வெச்சிருக்கறேன். வண்டி கொண்டாந்து எடுத்துக்கங்க."

செவிட்டில் ஒன்று விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தயாராக வைத்திருந்த வாதத்தை நினைக்க இன்றும் கூசுகிறது.

"கொடுங்கம்மா, நான் அள்ளறேன்," என்று கூடைக்குக் கை நீட்டினேன். அவரிடம் மரியாதையாகப் பேசியது அதுவே முதல் தடவை.

அவர் கூடையைத் தரவில்லை. "நீங்க போய் மொதல்ல குறுக்கால உழுங்க தம்பி. நான் மறுபடியும் நாத்து வுடணும்."