தூங்கப் போகச் சொன்ன குரல்

சாரல் விழத் தொடங்கினால் என் இளைய மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சென்னையிலிருந்து தென்காசிக்கு வந்துவிடுவாள். கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்க விடுகிறார்கள். அதிலேயே எனக்கு முதல் சந்தேகம். வேலைக்கு வைத்த ஆளைக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் விட்டுவைக்கிற முதலாளியை நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் அவள் கையில் இருந்தது பஸ் டிக்கெட் பதிகிற புரோகிராம். எப்போதாவது ஒரே சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுமாம். ஏன் என்றுதான் பிடிபடவில்லை. திங்கட்கிழமை சரிசெய்து காட்டாவிட்டால் அந்த வேலை தன் கையைவிட்டுப் போய்விடும் என்று அவளே சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை ராச்சாப்பாடு முடிந்தும் மகள் லேப்டாப்பை விடவில்லை. அவளுக்கு மேலதிகாரியாக இருக்கிற ஒரு அம்மா போனில் பேசியது எனக்கும் கேட்டது. குரலில் அத்தனை கனிவு.

"போதும்ப்பா, மூடி வச்சிட்டுப் போய்த் தூங்கு. நாளைக்கு சேர்ந்து பார்க்கலாம்."

என் வீட்டுக்காரர் அரிசி மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். ஒருநாள் மில் முதலாளி, "உடம்பப் பாத்துக்கிடும் வே, ரெண்டு நாள் வீட்டுல இரும்" என்றார். இதே கனிவுதான். இவர் திரும்பிப் போனபோது இவருடைய நாற்காலியில் முதலாளியின் மச்சினன் உட்கார்ந்திருந்தான்.

"ஏட்டி, எந்திரிக்காத. நீ தூங்குத நேரத்துல அவ முடிச்சுத் தன் பேரப் போட்டுக்கிடுவா."

"எம்மா, கண்ணு எரியுது. இதுக்கு மேல பாத்தா தப்பாத்தான் எழுதுவேன்."

"உங்கப்பாவும் இப்படித்தான் வீட்டுக்கு வந்தாரு."

"குத்தாலம் மெயின் பால்ஸ்ல வெள்ளம் ஏறி ஆர்ச்சத் தாண்டினா போலீஸ்காரன் விசில் ஊதி வெளிய வரச் சொல்லுதான்லா? ஒன் எடத்துல அவன் நின்னு குளிக்கவா?"

"அவன் மச்சினனக் கூட்டிட்டு வந்திருந்தா ஊதாம இருப்பானா? விசிலு வாயிலயே இருக்கும்."

சிரித்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். விடியுமுன் முடித்து அனுப்பிவிட்டு அப்படியே பாயில் விழுந்தாள்.

காலையில் அவள் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். அதே அம்மா.

"தூங்கறாங்களா? எழுப்பாதீங்க. நைட்டு அனுப்பினதை சோதிச்சுப் பார்த்தேன். இப்ப யாருக்குமே சீட்டு கிடைக்கல. பரவாயில்லை, பழையபடி மாத்திட்டேன்."

எழுப்பாதே என்கிறாளே!

"இப்ப அவ எடத்துல யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"எந்த இடத்துல?"

"வேலையில."

"யாரும் இல்லைங்க. அவங்க வந்தாத்தான் வேலை நடக்கும்."

மில் முதலாளியும் அப்படித்தான் சொன்னார்.

மத்தியானம் எழுந்த மகள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பினாள். வேலை கிடக்க, குளியல்! நானும் கூடவே போனேன். அவள் குளித்து முடிக்கிறவரை போனை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவே இல்லை. அடிக்காததும் எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளும் அந்த அம்மாவும் போனில் சண்டை போட்டார்கள், சிரித்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் மகள் துள்ளி எழுந்தாள்.

"எம்மா, கெடச்சிட்டு! ஒருத்தர் சீட்டப் பிடிச்சிட்டுப் பணம் கட்டப் போவாருல்லா, அந்த இடைவெளியில அது காலின்னு காட்டுது. இன்னொருத்தர் வந்து உக்காந்துருதாரு."

"இதைத்தான நான் நேத்தே சொன்னேன்?"

அவள் என்னையே பார்த்தாள்.

திங்கட்கிழமை பஸ்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். செய்தது யார் என்று அந்த அம்மா எல்லோருக்கும் எழுதி அனுப்பியிருந்தாள். காட்டு என்றேன். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் மகள் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று அவள் பெயர் போட்ட எங்கள் வாசல் பலகையைப் பார்த்துத் தெரியும். முதலில் அவள் பெயர்தான் இருந்தது. அதற்குக் கீழேதான் அந்த அம்மா பெயர் என்று மகள் தொட்டுக் காட்டினாள். பலகையை இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து சரிபார்த்துக்கொண்டேன்.

வேலை இன்னும் மகள் கையில்தான் இருக்கிறது. வருகிற சாரலுக்கு அந்த அம்மாவையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நல்லவளாகத்தான் தெரிகிறாள். வேலை இல்லாமல் இருக்கிற தம்பி யாரும் உண்டா என்று நேரில் கேட்க வேண்டும்.