மலைமேல் சொன்ன பேர்

ஏழாம் வகுப்பு படித்தபோது ஒரு நடிகரைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை. அவருக்குப் பிடித்த குழம்பு, செருப்பின் அளவு, சினிமாவுக்கு வருமுன் பெற்றோர் வைத்த பேர், ராசி எல்லாம் மனப்பாடம். அம்மாவுக்குப் பிடித்த குழம்பு எது என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

அந்த வருடம் அவர் படப்பிடிப்பில் கீழே விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதே வாரம் அம்மாவுக்குக் கோயமுத்தூரில் வயிற்றில் ஆபரேஷன். கட்டி பெரியது, பிழைப்பது சந்தேகம் என்று பெரியவர்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

ஆபரேஷன் நாள் காலையில் அத்தை என்னை மருதமலைக்குக் கூட்டிப்போனாள். பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். தேங்காய் பழத் தட்டை என்னிடம் கொடுத்தாள்.

"நீ போயிட்டு வா கண்ணு. அம்மா பேரு, கன்னி ராசின்னு சத்தமாச் சொல்லோணும். உன்ற வழக்கம்போல முணுமுணுத்துப் போட்டு வந்தராதே."

மீதிப் படிகளை ஏறும்போது யோசித்தேன். அம்மாவுக்கு வேண்டிக்கொள்ள அப்பா, அத்தை, மாமா எல்லாரும் இருக்கிறார்கள். அந்த நடிகருக்கு என்னை விட்டால் யார்? ஊருக்கு ஊர் அவருக்கு ரசிகர் மன்றம் இருந்தது எனக்குத் தெரியாமலில்லை. அவர்கள் எல்லாம் வெறும் ரசிகர்கள், நான் அப்படியல்ல என்று நம்பினேன். இரண்டு பேரையும் சொல்லலாம்தான். பலன் பாதிப்பாதியாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

"பேரு சொல்லும்மா" என்றார் குருக்கள்.

நடிகருடைய சொந்தப் பேரையும் ராசியையும் சத்தமாகச் சொன்னேன். மந்திரத்துக்கு நடுவே அந்தப் பேர் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

"சொன்னியா?" என்றாள் அத்தை.

"ம்."

இருவருமே பிழைத்துக்கொண்டார்கள். அம்மாவைக் காரிலிருந்து கைத்தாங்கலாக இறக்கியபோது, பேப்பரில் வந்திருந்த அவர் படத்தை நான் வீட்டுக்குள் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் அம்மா சொன்னாள்:

"எங்க பாப்பா தனியா மலையேறி எம்பேருக்கு அர்ச்சனை பண்ணிப்போட்டு வந்துச்சுங்க. அதுலதானுங்க பொழச்சேன்."

"அடேயப்பா, வாயே தொறக்காத புள்ளை! வெக்கத்தைப் பாருங்க, மூஞ்சியத் தூக்க மாட்டேங்குது" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கொண்டுவந்த விபூதியை அம்மா பர்சில் வைத்து, தீரும்வரை நாளுக்கு ஒரு சிட்டிகை பூசிக்கொண்டாள். எழுபது வயதைத் தாண்டியும் அந்தக் கதையைச் சொல்கிறாள். அப்பா நேர்ந்துகொண்டு மொட்டை போட்டதையோ, அத்தை பட்டினி கிடந்ததையோ அவள் சொல்லி நான் கேட்டதில்லை. வேண்டிக்கொள்ள அம்மாவுக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று படியேறும்போது நினைத்தேன். அவள் நம்பியிருந்தது ஒருத்தியைத்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.