ஓசை வராத மைக்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி வரை போனதும் நான்தான். அதனால் எனக்குத் தலைக்கனம் உண்டு; அதை மறைக்க நான் முயன்றதில்லை. அம்மா பொன்முடி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்க, நான் திருவனந்தபுரத்தில் ஒரு சர்ச் விடுதியில் தங்கிப் படித்தேன். அங்கே ஜெப அறையின் மூலையில் ஒரு கிட்டார் கிடந்தது. பாட்டுப் பயிற்சியின்போது, என் குரல் மற்றவர்களின் சுருதியையும் கெடுக்கிறது என்று என்னை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். அந்த நேரங்களில் அதை எடுத்து மெதுவாக மீட்டிப் பழகினேன். படிப்பு முடிவதற்குள், கேசட்டில் கேட்ட எதையும் வாசிப்பேன் என்றாகிவிட்டது.

பாடத்தான் வராது. நல்ல காது உள்ளவர்களுக்கு இது ஒரு தண்டனை. என் குரல் எந்த இடத்தில் சுருதியை விட்டு நழுவப்போகிறது என்பது கேட்பவர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் நழுவும்.

கல்லூரியின் கடைசி வருடத்தில் நகரத்து கானமேளா குழு ஒன்றில் சேர்ந்தேன். ஓணத்துக்கும் கோயில் விழாவுக்கும் மேடையேறி சினிமாப் பாட்டுகளைப் பாடும் குழு. அதை நடத்தியவரை எல்லோரும் மாஷ், அதாவது வாத்தியார், என்று கூப்பிட்டோம். நான் வாசித்ததைக் கேட்டவர், வேறு எதுவும் கேட்காமல் குழுவின் எலக்ட்ரிக் கிட்டாரை என் தோளில் மாட்டிவிட்டார். கிட்டார் வாசிக்கும் பெண்ணை அந்த மேடைகளில் யாரும் அதற்கு முன் கண்டதில்லை. நான் நிமிர்ந்து நின்றேன்.

முதல் நிகழ்ச்சியிலேயே, "கிட்டார் சேச்சி பாடட்டே!" என்று கூட்டம் கத்த ஆரம்பித்தது. சேச்சி என்றால் அக்கா. நிறுத்துவதாக இல்லை. மாஷ் தலையசைத்தார். இரண்டு வரி பாடினேன். பிடிக்காத குரலை ஊளையிட்டே இறக்கிவிடுவது அங்கே வழக்கம். மைதானம் முழுவதும் கூவியது. அந்தக் கூவலுக்கு நடுவில் ஒருவன், "கிட்டார் பாடிக்கோளும், சேச்சி மிண்டாதிரி!" என்றான்; கிட்டாரே பாடிக்கொள்ளும், நீ வாயைத் திறக்காதே என்று. அவன் சொன்னதில் பாதி பாராட்டு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் ஒத்திகையில் மாஷ் சொன்னார்: "மோளே, பெண்ணு ஸ்டேஜ்ல வாய மூடி நின்னா ஆளுக விடமாட்டாங்க. இனி உன் முன்னாடியும் ஒரு மைக் இருக்கும். கனெக்‌ஷன் இல்ல. சேச்சி பாடும்போ நீ சும்மா வாய் அசைச்சா மதி, அது போதும்."

சேச்சி என்றது எங்கள் பாடகியை.

"ஆண் வாசிச்சா இப்படிச் சொல்லுவீங்களா மாஷே?"

"ஆண் பாடணும்னு ஆரு கேக்கும்?"

மறுத்திருந்தால் கிட்டார் போயிருக்கும். ஒவ்வொரு மேடையிலும் சேச்சியின் பக்கத்தில் நின்று, உயிரில்லாத அந்த மைக்கின் முன்னால் வாயைத் திறந்து மூடினேன். கூவல் நின்றது.

பொன்முடி அடிவாரத்து வித்துராவில் ஒரு கிளப் விழாவுக்குப் பகலில் நிகழ்ச்சி. மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்க வசதி என்பதால் அம்மாவை வரச் சொன்னேன். அவள் என்னை மேடையில் பார்த்ததே இல்லை. முதல் பாட்டு கிட்டார் மட்டும் தனியாக ஒலித்துத்தான் தொடங்கும். அன்று வாசித்த அளவுக்கு நான் ஒருபோதும் வாசித்ததில்லை. விரல்கள் ஓடியபோது மாஷே திரும்பிப் பார்த்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் அம்மாவைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, குயிலு மாதிரில்லா பாடுன! எங்கூட வந்தவளுவ வாயப் பொளந்துட்டாளுவ."

"நான் பாடலம்மா. பக்கத்துல நின்ன சேச்சிதான் பாடுனா. என் மைக்குல சத்தமே வராது."

"வாய் அசைஞ்சுதே?"

"சும்மா அசைச்சேன்."

"அப்ப நீ என்னதாம்ட்டி செஞ்ச?"

"கிட்டாரு. மொதப் பாட்டுல ஆரம்பத்துல தனியா வந்துச்சே, அது நான்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அது பாட்டு தொடங்குறதுக்கு முன்னல்லா? அப்பம் கடலை வாங்கிட்டு நின்னோம்."

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். சிரிப்பு குறைந்திருந்தது.

அடுத்த ஒத்திகையில் மாஷிடம் என் மைக்கை எடுத்துவிடச் சொன்னேன். "பின்னாடி டிரம்ஸ் பக்கம் நிக்கேன். வாசிக்க மட்டும் செய்யுதேன்."

"பின்னாடி நிக்க ஒரு பையன் போதுமே மோளே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு அதுதான் தாங்கவில்லை. கிட்டாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். அவர் திரும்பக் கூப்பிடவில்லை.

விடுமுறைக்கு மலைக்குப் போனபோது, தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், இருக்கும் பெண்கள் வாசலில் கூடி என்னைப் பாடச் சொன்னார்கள். வித்துராவில் கேட்டவர்கள் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கிட்டாள்.

"அவ இப்பம் பாட்ட நிறுத்திட்டா. படிக்கணும்லா."

அவளுக்கு உண்மை தெரியும். என் மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாள். அந்தப் பெண்கள், நல்ல குரல் வீணாகிறதே என்று வருந்தினார்கள். "நான் பாடினதே இல்ல. வாசிச்சேன்," என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான விடு," என்றாள் அம்மா, எனக்கு மட்டும் கேட்கும்படி.