முறுக்குப் பெட்டியில் நல்லபாம்பு

எங்கள் சித்தப்பா வாக்குக் கொடுப்பதில் மன்னர். அதைக் காப்பாற்றுவது வீட்டிலுள்ள மற்றவர்களின் வேலை. கல்கத்தா லேக் மார்க்கெட்டில் எங்கள் மளிகைக் கடை வாசலில் வாராவாரம் வித்தை காட்டும் பாம்பாட்டி, பஸ்ஸிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். "நீ குணமாகி வா, பாம்பை நான் பார்த்துக்கிடுதேன்" என்று அரைகுறை வங்காள மொழியில் தைரியம் சொல்லி, சித்தப்பா கூடையோடு வந்து நின்றார். துர்கா பூஜை முடிந்த வாரம் அது. எனக்குப் பத்து வயது.

அம்மா அலறினாள்.

"பல்லைப் பிடுங்கின பாம்பு, மதினி. வெறும் கயிறுன்னு வச்சுக்கோங்க."

அத்தோடு அவருடைய கவனிப்பு முடிந்தது.

கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக ஒரு நல்லபாம்பு. பாதி உரிந்த சட்டை உடம்பிலேயே ஒட்டிக் காய்ந்திருந்தது. இது செத்தால் பாம்பாட்டிக்குப் பிழைப்பே இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. சாக விடுவதில்லை என்று முடிவு செய்தேன். நான் ஒன்றை நினைத்துவிட்டால் உடும்புப் பிடிதான்.

கடையில் பழைய முறுக்குப் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. முன்பக்கம் கண்ணாடி, மேலே மூடி. எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பலகையில் ஆணியடித்துக் காற்றுக்குத் துளைகள் போட்டேன். காளிகாட் பக்கம் பாதாள ரயிலுக்காகத் தோண்டிக் குவித்திருந்த மண்ணில் இரண்டு வாளி அள்ளி வந்து, மொட்டை மாடியில் காயவைத்து உள்ளே பரப்பினேன். ஒளிந்துகொள்ள உடைந்த பானை, உரசிச் சட்டை உரிக்கச் செங்கல், தண்ணீருக்கு மண்சட்டி. குளிர் வந்ததும் ஒரு மூலையில் பல்பு தொங்கியது. கல்கத்தாவில் அப்போது கரண்ட் போவதைவிட வருவதுதான் செய்தி. ஆகவே வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை அம்மா பயபக்தியோடு வைத்த பாலை எறும்புகள் குடித்தன. கடை கோடவுனில் பொறியில் சிக்கும் எலிகளைத் தண்ணீரில் முக்கிக் கொன்று போட்டபோது மட்டும் பாம்பு விழுங்கியது. மெல்ல மெல்ல உடம்பு தேறியது. ஒரு காலையில் சட்டை முழுசாகக் கழன்று செங்கல்லோரம் கிடந்தது. அதைத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டினேன். இன்னொரு நாள் சாகாத எலி ஒன்று உள்ளே போய்விட்டது. பாம்பு ஒருமுறை சட்டென்று தலையை நீட்டி எலியைத் தொட்டது. கொஞ்ச நேரத்தில் எலி விறைத்துக் கிடந்தது.

"பயத்துலயே போயிருக்கும்" என்றார் சித்தப்பா. நானும் நம்பினேன்.

தினமும் கையை விட்டுச் சட்டியை எடுத்துத் தண்ணீர் மாற்றுவேன். சில நாள், சூட்டுக்காகவோ என்னவோ, அது என் மணிக்கட்டில் தலையைச் சாய்த்துக்கொள்ளும். அது எழும்வரை நான் அசைய மாட்டேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும். ஆனாலும் அந்தப் பெருமையை விட மனசு வராது.

தை மாதத்தில் பாம்பாட்டி கோலூன்றி வந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு என்பதால் அம்மாவும் வந்து நின்றாள். அவர் பாம்பின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, கொழுத்திருந்த உடம்பைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஒரு குச்சியால் வாயைத் திறந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. தண்ணீர் மாற்றுவது யார், கையை விட்டா, தினமுமா என்று என்னிடம் வங்காள மொழியில் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு அவர் சொன்னது அம்மாவுக்குப் புரியவில்லை. நான்தான் சந்தோஷமாக எடுத்துச் சொன்னேன்.

"அம்மா, இதுக்குப் பல்லு திரும்ப முளைச்சிருக்காம்! எப்பவோ முளைச்சிட்டாம்! நல்லா சாப்பாடு போட்டதாலதானாம்!"

சித்தப்பா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பாம்பாட்டி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பாராட்டுகிறார் என்று நான் மனம் குளிர்ந்து போனேன். அம்மா மட்டும் என் வலது கையை வெடுக்கென்று இழுத்து, விரல் விரலாக, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சோப்பு போட்டுக் கழுவிட்டேம்மா" என்றேன்.